பழைய பிரிட்டிஷ் ரூபாய் லட்சத்துக்குப் போகுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகும் நண்பர்களே, உங்க போனுக்கும் இது வந்திருக்கும்: "விக்டோரியா ராணி ஒரு ரூபாய் இருக்கா? 10 லட்சம் தர்றோம்!" நம்பாதீங்க. பணம் தர்றதுக்கு முன்னாடி கமிஷன், வரின்னு உங்ககிட்டதான் கேட்பாங்க. தன் பேரைச் சொல்லியே இப்படி வசூலிக்கிறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது.

உண்மைக் கணக்கு வேற. 1939 வரை அடித்த ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை வந்ததில் எடை அதேதான், வெள்ளி பாதி. 1947 நாணயம் வெறும் நிக்கல்! தேய்ஞ்ச, சாதாரண வருஷ நாணயத்துக்கு வெள்ளி விலையும் அதுக்கு மேல கொஞ்சமும்தான் கிடைக்கும்.

அரிய வருஷமும் நல்ல நிலையும் சேர்ந்தால்தான் விலை ஏறும். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிஞ்சு சர்ச்சையாச்சு. 1912ல டிசைனையே மாத்தினாங்க. அதைத் தேடி வாங்கறவங்க இருக்காங்க. அவங்களும் முதல்ல பார்க்கறது தலைமுடி, கிரீட வேலைப்பாடு தேயாம இருக்கான்னுதான். தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீங்க, இது பூஜை ரூம் வெள்ளி விளக்கு இல்ல. பளபளப்பு வரும், விலை போயிடும்.

என் கருத்து: போனஸ் பணத்தில் ஆசைக்கு ஒண்ணு வாங்குங்க, முதலீடுன்னு வாங்காதீங்க. விற்கும்போது ஆளைத் தேடணும், கடைக்காரர் லாபமும் கழியும். வெள்ளி ஏறும்னு நம்பினா சில்வர் ஈடிஎஃப் இருக்கே. வாங்கியே ஆகணும்னா நகைக்கடைத் தராசில் எடை பாருங்க. வெள்ளின்னு சொல்றது காந்தத்தில் ஒட்டினா, பேரம் பேசாம எழுந்து வந்துடுங்க.