மலைமேல் மங்கலம்! மனையில் அமங்கலம்!

ஆண்டில் ஒரே ஒரு நாள்! சித்திரை முழுநிலா நாள்! அன்று கம்பம் பள்ளத்தாக்கே மலையேறுகிறது. குமுளியிலிருந்து ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு புறப்படுகின்றன. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் மக்கள் கால் கடுக்க ஏறுகின்றனர். முதியோர் ஏறுகின்றனர், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார் ஏறுகின்றனர். பெரியாறு புலிகள் காப்பகத்துள், கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், சிதைந்த கற்சுவர்களுக்கு நடுவே நிற்கிறது அவர்கள் தேடிச் செல்லும் கோயில். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட ஆட்சியினரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யும் விழா அது.

அந்தக் கோயிலின் பெயர் என்ன? மங்கலதேவி கோட்டம்!

அங்கே குடிகொண்டிருப்பவள் யார்? கண்ணகி!

கண்ணகி யார்? கணவனைப் பறிகொடுத்தவள்! கைம்பெண்!

இந்த மூன்று விடைகளையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள், தோழர்களே! கைம்பெண்ணுக்கு மங்கலதேவி என்று பெயர் சூட்டிய மலை அது. அதன் அடிவாரத்தில் வாழும் நாம் கைம்பெண்ணுக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறோம்? அமங்கலி! உச்சியில் ஒரு நீதி, ஊருக்குள் ஒரு நீதி! ஒரு நாளைக்கு ஒரு வழக்கம், மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளைக்கு வேறு வழக்கம்!

இது யாரோ புனைந்த கட்டுக்கதையின்மேல் எழுப்பும் வாதம் அன்று. பேராசிரியர் சி. கோவிந்தராசனார், காப்பியம் காட்டும் வழியைக் காலால் நடந்து, கண்ணால் ஆய்ந்து, 1963-ஆம் ஆண்டில் இந்தக் கோட்டத்தைக் கண்டு உலகுக்கு உரைத்தார். அவர் நடந்த வழி எந்த வழி? மதுரை எரிந்தபின் கண்ணகி நடந்த வழி.

அந்த நடையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கிழக்கு வாயில் வழியே கணவனோடு மதுரைக்குள் நுழைந்தவள், மேற்கு வாயில் வழியே தனியளாய் வெளியேறுகிறாள். வெளியேறுமுன் கொற்றவை கோயில் வாயிலில் தன் கைவளையைத் தகர்த்தெறிகிறாள். வையைக் கரையைப் பற்றிக்கொண்டு மேட்டையும் பள்ளத்தையும் பாராது நடந்து நெடுவேள் குன்றம் ஏறுகிறாள். வேங்கை மர நிழலில் நிற்கிறாள். மலைவாழ் குறவர் அவளைக் கண்டனர். என்ன செய்தனர்? "எதிரே கைம்பெண் வந்துவிட்டாள், சகுனம் கெட்டது" என்று முகம் திருப்பினரா? இல்லை! அவளைத் தெய்வம் எனக் கொண்டாடினர்! பட்டமும் படிப்பும் இல்லாத மலைமக்களுக்கு இருந்த நெஞ்சம், படித்துப் பட்டம் பெற்று, பட்டுடுத்திப் பந்தலில் அமர்ந்திருக்கும் நமக்கு இல்லாமற் போனது எப்படி?

இன்று அந்த விழாவில் பெண்களுக்கு வழங்கப்படும் பொருள்கள் எவை? வளையலும் மங்கல நாணும்! வளையலை உடைத்தெறிந்தவளின் வாயிலில் வளையல்! தாலியை இழந்தவளின் சந்நிதியில் தாலிக்கயிறு! கணவன் உயிரோடிருக்கும் பெண்கள் முண்டியடித்துக் கை நீட்டுகின்றனர். கைம்பெண்? அவள் கை நீட்டக்கூடாது என்று அங்கே எவரும் பலகை எழுதி மாட்டவில்லை. பலகை எதற்கு? தானே ஒதுங்கி நிற்க அவளுக்குத்தான் பிள்ளைப் பருவத்திலிருந்தே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டோமே!

அந்தப் பாடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். என்னிடம் படிக்கும் சிறுமி ஒருத்தியின் மஞ்சள் நீராட்டு விழா. அவள் தந்தை இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. தாய் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறவர். பந்தல் அவர் காசு. சோறு அவர் காசு. சிறுமி உடுத்திய பட்டும் அவர் காசு. ஆனால், மகள் தலையில் நீர் ஊற்றப் பெண்கள் கூடியபோது, உறவுக்காரக் கிழவி ஒருத்தி சொன்னாள்: "நீ செத்த உள்ளே இரு, தாயி." அவர் மறுபேச்சின்றி உள்ளே போனார். சன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று தம் மகளின் விழாவைப் பார்த்தார். அந்த வீட்டுச் சுவரில், அவ்வாண்டு மலைக்குச் சென்று வாங்கி வந்த மங்கலதேவி கண்ணகியின் படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது! சுவரில் இருக்கும் கைம்பெண்ணுக்கு மாலை. சுவருக்குப் பின்னால் நிற்கும் கைம்பெண்ணுக்குச் சிறை!

"இவையெல்லாம் பழங்காலக் கதை, காலம் மாறிவிட்டது" என்று கூறுவோர் உண்டு. மாறிவிட்டதா? கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வழி திறந்தது 1856-இல். அதற்குப்பின் நூற்று அறுபத்தேழு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றில் கைம்பெண் ஒருவர் நுழைவதைத் தடுக்கக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 2024 ஏப்ரல் மாதம். மதுரைச் சித்திரைத் திருவிழா. மீனாட்சிக்கு முடிசூட்டிச் செங்கோல் அளிக்கும் நிகழ்ச்சியில், அந்தச் செங்கோலைக் கோயில் அறங்காவலர் குழுத் தலைவரான அம்மையார் பெற்றுக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அவர் கணவரை இழந்தவர் என்று கூறி ஒருவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேறினார்! நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. நன்று! ஆனால் எந்த ஊரில் எழுந்த வழக்கு இது என்று எண்ணிப் பாருங்கள். மதுரையில்! ஒரு கைம்பெண் ஒற்றைச் சிலம்போடு அவையேறி வழக்குரைத்ததும், வளைந்தது தன் செங்கோல் என்று உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர்விட்டதாகக் காப்பியம் கூறும் அதே மதுரையில்! கைம்பெண்ணின் கை பட்டால் செங்கோல் தீட்டாகுமாம்! அந்த ஊரில் செங்கோல் கெட்டது அரசன் கையில்; கெட்டது என்று எடுத்துக் காட்டியதோ கைம்பெண்ணின் கை!

வைதிக நண்பர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். "கண்ணகி கற்பின் வடிவம், ஆகவே தெய்வம், மற்றக் கைம்பெண்களை அவளோடு ஒப்பிடலாமா?" என்பார்கள். அவர்களுக்குக் காப்பியமே மறுமொழி கூறுகிறது. கணவன் இறந்த கணமே உடனுயிர் நீத்தவள் பாண்டிமாதேவி. கணவன் இறந்தபின் உயிரோடு நின்று நீதி கேட்டவள் கண்ணகி. இவ்விருவருள் சிறந்தவர் யார் என்று செங்குட்டுவன் தன் தேவியைக் கேட்கிறான். அவள் கூறியது என்ன? பாண்டிமாதேவி விண்ணுலக இன்பம் பெறட்டும். நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியையே நாம் வழிபட வேண்டும் என்கிறாள். உடன் மாய்ந்தவளுக்கு அனுதாபம். எழுந்து நின்று கேட்டவளுக்கே கோயில்! அவளுக்காகத்தான் இமயத்திலிருந்து கல் வந்தது. கனகவிசயர் தலையில் ஏறி வந்தது. அந்தக் கோயிலின் விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்தான் என்கிறது காப்பியம். இன்றும் மட்டக்களப்புத் தமிழர் அவளைக் கண்ணகி அம்மன் என்கின்றனர். சிங்களப் பௌத்தர் பத்தினித் தெய்வம் என்கின்றனர். கடல் கடந்தும் வாழ்கிறாள் ஒரு கைம்பெண், கும்பிடத்தக்கவளாக!

பள்ளியில் நாங்கள் என்ன செய்கிறோம்? ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. "கற்புக்கரசி யார்?" என்று கேட்கிறோம், "கண்ணகி" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், மதிப்பெண் போடுகிறோம். "கண்ணகி உன் தெருவில் வாழ்ந்திருந்தால், உன் அக்காள் திருமணத்தில் அவள் எங்கே நின்றிருப்பாள்?" என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. கேட்டால் வகுப்பறை எரியும், மடமை எரியும்! எரியட்டுமே!

கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களே! மலையேறுங்கள், வேண்டாமென்று கூறவில்லை. வரலாற்றுச் சின்னம் அது. சிதைவது கண்டு வருந்துங்கள், செப்பனிடக் குரல் கொடுங்கள். ஆனால் அடுத்த சித்திரை முழுநிலவன்று வழங்கும் வளையலில் முதல் வளையல் ஒரு கைம்பெண்ணின் கையில் ஏறட்டும். அதைவிட மேலாக, மலையிறங்கி வந்தபின், உங்கள் இல்லத் திருமணத்தில் மணமக்கள் கையில் மாலை எடுத்துத் தருபவர் கணவனை இழந்த தாயாக இருக்கட்டும். மகளுக்கு முதல் நீர் ஊற்றுபவர் அவளைப் பெற்று, பாடுபட்டு வளர்த்தவராக இருக்கட்டும். இளங்கைம்பெண் மறுமணம் விரும்பினால், வாழ்த்தும் முதல் வாய் உங்கள் வாயாக இருக்கட்டும்.

இதற்கு நெஞ்சில் துணிவில்லையா? அப்படியானால் மங்கலதேவி என்ற பெயரை உச்சரிக்கும் உரிமையும் நமக்கில்லை. கல்லான கைம்பெண்ணைக் கும்பிட்டது போதும். உயிருள்ள கைம்பெண்ணைப் பந்தலின் நடுவே அமர்த்துங்கள்!