கடினம் என்பது காரணமாகுமா?

“தமிழ் இலக்கியம் கடினம், விட்டுவிடு!” எஸ்.பி.எம். தேர்வை எதிர்நோக்கும் மாணவனுக்கு இவ்வறிவுரை வழங்குவோர் அயலார் அல்லர், நம்மவரே!

தேர்வுப் பாடங்களைப் பத்தாகக் குறைக்கும் முடிவை 2009ஆம் ஆண்டில் அரசு அறிவித்தபோது நாம் பொங்கியெழுந்தோம். அதன் பின்னரே பன்னிரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. போராடிப் பெற்ற இடத்தை நாமே காலி செய்வதா?

கேமரன் மலைத் தோட்டத்து மாணவனின் இடர்ப்பாட்டை நான் அறியாதவனல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன் இடைநிலைப் பள்ளியில் மலாய்வழிக் கல்விக்கு மாறுகின்றான். இலக்கிய வகுப்போ பல பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே நடைபெறுகின்றது. அது முடிந்தபின் வளைந்தேறும் மலைச்சாலையில் அவன் வீடு சேர்வதெங்ஙனம்? எனினும் இது ஊர்தியின் குறை, இலக்கியத்தின் குறையன்று. இதற்கு வழிகாண வேண்டியவர் பெற்றோரும் ஆசிரியரும் நம் சங்கங்களுமே.

படித்துப் பார்த்துத் தன் வலிமையை எடைபோட்டு விலகுபவனை நான் குறைகூறேன். நூலைத் திறக்குமுன்னரே அவனை விலகச் செய்வதே பிழை. 1929இல் தொடங்கப்பட்ட போ தோட்டத்தின் சரிவுகளில் கொழுந்து கிள்ளிய நம் முன்னோர், ஏற்றம் கடினமென்று கூடையை இறக்கி வைத்தனரா?

ஆசிரியப் பெருமக்களே! மூன்று திங்கள் கற்பியுங்கள். பின்னர் முடிவை மாணவனிடமே விடுங்கள்.