புற ஊதா: கண்ணுக்குத் தெரியாத வெயில்

1/ யூவி, யூவினு தினமும் கேக்குறோம். சன்ஸ்க்ரீன் விளம்பரத்துல, கூலிங் கிளாஸ் ஸ்டிக்கர்ல, தண்ணி மெஷின்ல. அப்படின்னா என்னனு ஓபி-யில கேட்டா ரெண்டு பதில்தான் அதிகம் வரும். "ஊதாக் கலர் லைட்டு சார்." இல்லன்னா "சூடான வெயில் சார்." ரெண்டுமே இல்லை. இந்தக் குழப்பத்துக்கு மதுரைப் பக்கம் நம்ம சனங்க கண்ணால விலை கொடுக்குறாங்க. கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

2/ புற ஊதா என்றால் ஊதாவுக்கு வெளியே இருப்பது. வானவில்லில் நம் கண் பார்க்கிற கடைசி நிறம் ஊதா. அதைத் தாண்டியும் ஒளி இருக்கு, நமக்குத் தெரியாது. 1801-ல ஜெர்மனியில யோகான் ரிட்டர் என்பவர், பிரித்த சூரிய ஒளியில ஊதாவைத் தாண்டி "ஒண்ணுமே இல்லாத" இடத்துல சில்வர் குளோரைடை வச்சுப் பார்த்தார். ஊதா பட்ட இடத்தைவிட அங்கதான் வேகமா கறுத்துச்சு.

3/ அப்போ கடையில ரூபாய் நோட்டு செக் பண்ற மெஷின் ஊதாவா எரியுதே? நீங்க பாக்குற ஊதா, யூவி கூடவே ஒட்டிட்டு வர்ற சாதாரண ஒளி. நோட்டுல நம்பரும் நூலும் மின்னுது பாருங்க, அதுதான் யூவி பண்ற வேலை. தண்ணி மெஷின்ல இருக்கிற யூவி கிருமியோட டிஎன்ஏ-வைச் சிதைக்கும். உப்பைக் குறைக்காது. நம்ம ஊர் உப்புத் தண்ணியை அது இனிப்பாக்கும்னு நம்பி வாங்காதீங்க.

4/ ரெண்டாவது குழப்பம் சூடு. யூவி சுடாது, தோலுக்கு உறைக்காது. "இன்னைக்கு மேகமூட்டமா இருக்கு, காத்தடிக்குது, பயமில்ல"னு சொல்றோம். மெல்லிய மேகம் 80% யூவியைக் கூட உள்ளே விட்டுரும். தை மாசக் குளிர்லயும் நம்ம ஊர் நடுப்பகல் யூவி லேசுப்பட்டது இல்ல.

5/ கண்ணுக்கும் தெரியாது, சுடவும் செய்யாதுன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்க நிழலைப் பாருங்க. நிழல் உங்களைவிடக் குட்டையா இருந்தா யூவி பலமா இருக்குனு அர்த்தம். மதுரையில சித்திரை முதல் வாரத்துல, மத்தியானம் 12.15 வாக்குல, சூரியன் நேரா தலைக்கு மேல. நிழல் காலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கும். யூவி குறியீடு 11-க்கு மேல போனா "மிகத் தீவிரம்"னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம கோடையில, வானம் தெளிவா இருந்தா, நடுப்பகல்ல அது சர்வ சாதாரணம்.

6/ "நாம கறுப்பு சார், நமக்கு ஒண்ணும் ஆகாது." தோலுக்கு அது ஓரளவு உண்மை, மெலனின் காப்பாத்தும். அந்தத் தைரியத்துல கண்ணை விட்டுடக் கூடாது. வருஷக்கணக்கா வெட்டவெளியில நிக்கிறவங்களுக்குக் கண்ல சதை வளருது, கண்புரை சீக்கிரம் வருது. கண்புரையில 20% வரை யூவியோட பங்கு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. வயசு, சர்க்கரை, புகைன்னு மத்த காரணங்களும் உண்டு. ஆனா வெயிலை மறைக்கிறது நம்ம கையில இருக்கு.

7/ கறுப்புக் கண்ணாடி போட்டா போதுமா? கறுப்பு வேற, யூவி தடுப்பு வேற. தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால இருட்டுனு நினைச்சுப் பாப்பா விரியும், யூவி கூடுதலா உள்ளே போக வழி கிடைக்கும். அதே நேரம் நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ் கிட்டத்தட்ட முழு யூவியையும் தடுத்துரும். வாங்கும்போது கலரைப் பாக்காதீங்க, "யூவி 400" இருக்கானு கேளுங்க. கூடவே அகலமான விளிம்புள்ள தொப்பி, இல்லன்னா குடை. தலைத்துண்டைக் கொஞ்சம் முன்னால இழுத்துக் கட்டினாலும் நல்லதுதான்.

8/ வெல்டிங் தம்பிகளுக்குத் தனியா. அந்தப் பொறியில இருந்து வர்ற யூவி உடனே வலிக்காது. ஆறேழு மணி நேரம் கழிச்சு, நடு ராத்திரியில, கண்ல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் ஊத்தாதீங்க. மருத்துவர்கிட்ட வாங்க, பெரும்பாலும் ரெண்டு நாள்ல சரியாயிடும். சாதா கூலிங் கிளாஸ் வெல்டிங்குக்கு உதவாது. அதுக்குரிய முகமூடிதான் வேணும். பக்கத்துல பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஹெல்பர் பையனுக்கும் சேர்த்து.

9/ இப்ப என் கருத்து. யூவிங்கிற வார்த்தையை நாம அழகுசாதனக் கடைக்குக் கொடுத்துட்டோம். ஏசி ரூம்ல இருக்கிறவங்களுக்கு அதை விக்கிறாங்க. மேலூர் வயல்ல, சோழவந்தான் தோப்புல, ரோட்டுல தார் ஊத்துற இடத்துல நிக்கிறவங்களுக்கு யாரும் சொல்றதில்ல. அதிக ஒளியால கண் கெடுகிற வேலைக்குக் கண்ணாடியோ திரையோ தரணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் 35-வது பிரிவுலயே எழுதி வச்சாங்க. பத்துப் பேர்கூட இல்லாத தெருப் பட்டறை அந்தச் சட்டத்துக்குள்ள பெரும்பாலும் வரவே இல்ல. வயல்காட்டைக் கேக்கவே வேண்டாம்.

10/ 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினது இந்த ஊர்ல. கண்புரை ஆபரேஷனை ஏழைக்கும் எட்ட வச்ச ஊர்னு உலகமே பேசுது. புரை வந்தபிறகு எடுக்கிறதுல பேர் வாங்கின ஊரு, அதைத் தள்ளிப்போடுறதுலயும் பேர் வாங்கட்டுமே. கூலி கொடுக்கும்போதே தொப்பியும் கண்ணாடியும் கொடுங்க முதலாளிமாரே. முடிஞ்சவரை 11 மணியில இருந்து 3 மணி வரை வெட்டவெளி வேலையை நிறுத்துங்க.

11/ வெயிலே ஆகாதுனு நான் சொல்லல, வைட்டமின் டி-க்கு அதுவும் வேணும். அளவுதான் விஷயம். உங்க வீட்டுல யாராவது வெயில்ல நின்னு சம்பாதிக்கிறாங்களா? இதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அப்பாவுக்கு 40 வயசு தாண்டியிருந்தா வருஷம் ஒரு தடவை கண்ணைக் காட்டச் சொல்லுங்க.