ராதைக்குச் சுரந்த பால்

கர்ணன் கதையில் பால் சுரந்தது யாருக்கு என்று கேட்டால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் குந்திக்கு என்றுதான் சொல்வார்கள். வில்லிபுத்தூரார் அப்படித்தான் பாடிவைத்தார். போருக்கு முன் குந்தி கர்ணனைத் தேடிப் போகிறாள். 'நானே உன் தாய்' என்று முன்பே பலர் வந்து போனதால், பொய் சொன்னவரை எரித்துவிடும் தெய்வத் துகிலைக் கொடுத்து அவன் சோதிக்கிறான். துகில் அவளை ஒன்றும் செய்யவில்லை, பால் சுரக்கிறது. களத்தில் விழும்போது மடியில் ஏந்திப் பாலூட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறான். 1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' படம் அந்த மடியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எம்.வி.ராஜம்மாவின் அழுகையில் கலங்காதவர்கள் குறைவு.

வியாசரைத் திறந்தால் பால் வேறொருத்திக்குச் சுரக்கிறது. உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் பிறப்பைச் சொல்லி, பாண்டவர் பக்கம் வந்தால் முடி உனக்கே என்கிறான். கர்ணனின் பதிலில் ராஜ்ஜியக் கணக்கு பின்னால்தான் வருகிறது. முதலில் அவனை வளர்த்த தாய் ராதை வருகிறாள். தன்மேல் கொண்ட அன்பால், தான் வந்து சேர்ந்த அன்றைக்கே அவள் மார்பில் பால் இறங்கியது என்கிறான். என் மூத்திரத்தையும் மலத்தையும் அள்ளியவள் அவள், அவளுக்கான பிண்டத்தை என்னைப் போன்ற ஒருவன் எப்படி இல்லாமல் செய்வான் என்று கேட்கிறான். இதிகாசத்தில் மலமும் மூத்திரமும் அன்பின் சாட்சியாக வந்து நிற்கும் இடம் அது. பெற்றெடுத்ததும் ஆற்றில் விட்டதும் ஒரு நாள் நடந்தவை. அள்ளிப் போட்டது வருஷக்கணக்கில் நடந்தது என்பது கர்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு கங்கைக் கரையில், ஜபம் முடியும்வரை அவன் மேலாடையின் நிழலில் காத்து நிற்கும் குந்திக்கும் அவன் தன்னை ராதை மகன் என்று சொல்லித்தான் வணக்கம் வைக்கிறான். அவள் முதலில் மறுப்பதும் அதைத்தான்: நீ குந்தி மகன், ராதை மகன் இல்லை.

தாயரின் கதையைத் திருப்பிச் சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. பெண்ணிய மறுவாசிப்பு நேற்று வந்தது என்று குறைசொல்வோரும், நாங்கள்தான் தொடங்கினோம் என்று மார்தட்டுவோரும் குலசேகராழ்வாரை ஒருமுறை படிக்க வேண்டும். பெருமாள் திருமொழியில் அவர் தேவகியாகி அழுகிறார். பெற்றும் வளர்க்கக் கிடைக்காதவளின் அழுகை அது. தவழ்ந்ததையும் வெண்ணெய் உண்டதையும் காணக் கிடைத்தவள் யசோதை என்ற ஏக்கம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. பெரியாழ்வாரோ யசோதையாகவே மாறித் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், காது குத்துகிறார். பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் தனித்தனியாகக் குரல் கொடுத்த மொழி இது. திருச்சி மலைமேல் உள்ள ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையும் இங்கேதான் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, நிறைமாதக்காரி ரத்னாவதிக்குப் பேறு பார்க்க அந்தத் தாயின் உருவில் வந்தவர் அவர்.

இவ்வளவு தெரிந்த மொழியில் யசோதைக்குக் கிடைத்தது ராதைக்குக் கிடைக்கவில்லை. இருவரும் பெறாத பிள்ளையை வளர்த்தவர்கள்தான். ஒருத்தியின் பிள்ளை கடவுளாகிவிட்டான். மற்றவளின் பிள்ளை தேரோட்டி மகன் என்று சபையில் சிறுமைப்பட்டான். வளர்ப்புத் தாயின் பெருமையைப் பிள்ளையின் பட்டத்தை வைத்து அளந்திருக்கிறோம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கர்ணனைச் சத்திரியனாக மீட்கத் துடித்த ஒவ்வொரு கதைசொல்லிக்கும் குந்தியின் பால் தேவைப்பட்டது. சூதன் வீட்டுப் பால் அந்த மீட்புக்கு இடைஞ்சல்.

நவீன எழுத்தும் இதில் பெரிதாக மாறிவிடவில்லை. சிவாஜி சாவந்த் மராத்தியில் 1967இல் எழுதிய 'மிருத்யுஞ்ஜய்' நாவலில் கர்ணனின் கதையை அவனும், அவன் மனைவியும் தம்பியும், துரியோதனனும் கண்ணனும் மாறி மாறிச் சொல்கிறார்கள். தாய் என்ற இடத்திலிருந்து பேசுபவள் குந்தி. ராதைக்குத் தனி அத்தியாயம் இல்லை.

விலகி நின்று எழுதியவர் மகாசுவேதா தேவி. அவருடைய சிறுகதையில் வரும் குந்தி போர் முடிந்து திருதராஷ்டிரனோடும் காந்தாரியோடும் காட்டில் இருக்கிறாள். கர்ணனுக்குச் செய்த பாவத்தைச் சொல்லிச் சொல்லி மனம் ஆற்றிக்கொள்கிறாள். எதிரே வரும் நிஷாதப் பெண், அதுவா உன் பாவம் என்று கேட்கிறாள். அரக்கு மாளிகையில் பாண்டவர்களுக்குப் பதிலாக எரிந்து கிடந்த ஆறு உடல்கள், ஒரு நிஷாதத் தாயும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும், குந்தியின் நினைவிலேயே இல்லை. ஆதி பருவத்தில் அந்தத் தாய்க்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. விருந்துக்கு வந்தாள், குடித்தாள், உறங்கினாள், எரிந்தாள், அவ்வளவுதான். குந்தியின் குற்ற உணர்ச்சியைக்கூட அரச குலத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தோம் என்பதை அந்தச் சிறுகதை காட்டிவிட்டது. தாய் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாத் தாயரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் மறுவாசிப்புகளுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் வேண்டியதில்லை.

நமக்கு முன்னோடி இல்லாமலில்லை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில் பரதனை எண்ணித் தவித்தபடி அகலிகையிடம் வரும் கைகேயி சில வரிகளில் முழு மனுஷியாகிவிடுகிறாள். அவளுக்கு வக்காலத்து எதுவும் தேவைப்படவில்லை. இன்று எழுதப்படும் பல கதைகளில் வக்காலத்துத்தான் இருக்கிறது. காந்தாரி கண்ணைக் கட்டியது கலகம், கைகேயி செய்தது அரசியல் என்று ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு பாத்திரத்தை அதற்கு வாயாக்கிவிடுகிறார்கள். எங்கள் இதழுக்கு வந்து சேரும் படைப்புகளிலும் இந்தக் குறையைத் தொடர்ந்து பார்க்கிறோம். அந்தப் பெண் காலையில் எழுந்து என்ன செய்தாள், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது கண் விழித்தாள் என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை.

ஸ்திரீ பருவத்தில் காந்தாரி களத்தைக் காட்டிப் புலம்பும்போது கர்ணனின் உடல்மேல் விழுந்து அழும் அவன் மனைவியைக் காட்டுகிறாள். ராதையின் அழுகை அங்கே இல்லை. பிறகு கங்கைக் கரையில் குந்தி உண்மையைச் சொல்கிறாள். தருமன் கர்ணனைத் தன் தமையனாக்கி நீர்க்கடன் செய்கிறான், கர்ணன் வீட்டுப் பெண்களையும் அழைத்துவரச் செய்கிறான். ராதையின் பிண்டத்தை விட மாட்டேன் என்று சொன்னவனின் நீர்க்கடன் வேறு குலத்தின் பெயரில் முடிந்துவிடுகிறது. அந்த நாளில் ராதை எங்கே இருந்தாள், யார் போய் அவளிடம் சொன்னார்கள் என்று வியாசர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் எழுத்தாளருக்கு வேலை.

குந்தியை எழுதாதீர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவள் துயரமும் உண்மையானதுதான். ஆனால் அடுத்த இதழுக்குக் கதை அனுப்பும் நண்பர்களே, ராதையின் வீட்டுக்குப் போய் வாருங்கள். எரிந்த அந்த நிஷாதத் தாயின் குடிசைக்கும், காந்தாரி கருவுற்றிருந்த காலத்தில் திருதராஷ்டிரனுக்குப் பணிவிடை செய்து யுயுத்சுவைப் பெற்ற பெண்ணின் வீட்டுக்கும் போய் வாருங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் இடம் ஒதுக்குகிறோம்.