கெமிக்கல் தானே, கெட்டா போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. குர்காவ்ல (2016-ல குருகிராம்னு பேரு மாத்திட்டாங்க, நமக்கு என்னிக்கும் குர்காவ் தான்) கார் சாமான் விக்கிற கடைக்காரரும் இதையே சொல்றார். ஞாயித்துக்கிழமை பார்க்கிங்ல பக்கெட்டோட நிக்கிற நம்மூர் நண்பர்களும் இதையே சொல்றாங்க. சாம்பார் பொடி பாக்கெட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு தேதி தேடுற அதே ஆளுங்க!

கெட்டுப் போகும் சாமி. பாலிஷ்னா என்ன? தண்ணி, எண்ணெய், அதுல மிதக்கிற அலுமினியம் ஆக்ஸைடு பொடி. இங்க பால்கனி அலமாரியில மே மாசம் 45 டிகிரி, ஜனவரி ராத்திரி 5 டிகிரி. ரெண்டு மூணு வருஷம் அப்படிக் கிடந்தா மோர் தெளியற மாதிரி பிரிஞ்சுக்கும். குலுக்கினா சேர்ந்துதுன்னா பரவாயில்லை. சேராம அடியில கட்டி தட்டியிருந்தா, நீங்க தேய்க்கிறது பாலிஷ் இல்ல, மணல். கார் பெயிண்ட் மேல இருக்கிற கிளியர் கோட் சுமாரா 40, 50 மைக்ரான் தான், தலைமுடியை விட மெல்லிசு. அதுல விழுந்த கீறலைப் போக்கணும்னா இன்னும் கொஞ்சம் சுரண்டித்தான் ஆகணும். சுரண்டினது திரும்ப வளராது.

ஷாம்பு மூடி திறக்காம இருந்தா நல்லா தாங்கும். ஆனா நம்மாளு என்ன பண்றார்? சிக்கனமா தண்ணி கலந்து பாட்டில்ல ஊத்தி வச்சுக்கறார். கெடாம இருக்கப் போட்ட மருந்து அந்த அளவு திரவத்துக்குத்தான் கணக்கு. அதுல போர் தண்ணியை ஊத்தினா, தோசை மாவு தோத்துது போங்க, அப்படி ஒரு வாசனை வரும்.

செராமிக் கோட்டிங் இன்னும் மோசம். காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே இறுகுறதுதான் அதோட வேலையே. ஒரு தடவை திறந்துட்டு, "மிச்சத்தை அடுத்த வருஷம் போட்டுக்கலாம்"னு மழைக்காலம் முழுக்க வச்சிருந்தா வாய்ப்பக்கம் கண்ணாடித்தூள் மாதிரி பூத்துப் போயிருக்கும். நியாயமா சொல்லணும்னா, டப்பா மெழுகு மட்டும் விதிவிலக்கு. பிரேசில் பனை ஓலையிலேர்ந்து எடுக்கிற கார்னோபா மெழுகு, மூடி இறுக்கமா இருந்தா வருஷக்கணக்கா கிடக்கும்.

இதெல்லாம் பெயிண்ட் சமாச்சாரம், போனா போகட்டும். டேஷ்போர்டு ஸ்ப்ரே டப்பாவை டிக்கியில போட்டுக்கிட்டு சுத்துறீங்களே, அது? உள்ள அழுத்தத்துல இருக்கிறது பெரும்பாலும் நம்ம சமையல் காஸ் ஜாதி தான். 50 டிகிரிக்கு மேல சூடாக விடாதேன்னு டப்பாவிலேயே போட்டிருக்கான். வெயில்ல நிறுத்தின காருக்குள்ள அது மதியமே தாண்டிடும். பழைய டப்பான்னா அடியில துருவும் சேர்ந்துக்கும். சின்ன கார்ல டிக்கிக்கும் குழந்தை உக்கார்ற பின்சீட்டுக்கும் நடுவுல சுவரா இருக்கு?

ட்ரான்ஸ்ஃபர் வாழ்க்கையில இன்னொரு கூத்து. புனேல வாங்கின அரை பாட்டில் லாரி ஏறி இங்க வரும், அடுத்து ஹைதராபாத் போகும். லேபிள் எப்பவோ உரிஞ்சு போயிருக்கும். உள்ள என்னன்னு தங்கமணிக்கும் தெரியாது, ரங்கமணிக்கும் தெரியாது.

சரி, வாங்குறவனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? 2011 பொட்டலப் பொருள் விதிகள்படி தயாரிச்ச மாசமும் வருஷமும் லேபிள்ல இருக்கணும். ஆனா எதுவரைக்கும் நல்லா இருக்கும்ங்கிற தேதி, மனுஷன் உபயோகத்துக்கு லாயக்கில்லாமப் போற பொருளுக்குத்தான் கட்டாயம். பாலிஷ் அந்தக் கணக்குல வராது. அதை விடக் கொடுமை, 2018 ஜனவரி 1-லேர்ந்து ஆன்லைன்ல விக்கிறவன் விலை, அளவு, தயாரிப்பாளர் பேர்னு எல்லாம் காட்டணும்னு சொன்ன அதே விதி, தயாரிச்ச மாசம் வருஷத்தை மட்டும் காட்டத் தேவையில்லைன்னு விலக்கு குடுத்திருக்கு. எதைப் பார்த்து வாங்கணுமோ அதை மட்டும் மறைச்சுக்கலாமாம்!

அப்புறம் தீபாவளி சேல்ல பாதி விலைன்னா ஏன் தரமாட்டான்? கோடவுன் தகரக் கூரைக்குக் கீழ ரெண்டு கோடை பார்த்த சரக்கு நம்ம தலையில. அது தள்ளுபடியா, குப்பை அள்ளுற கூலியா?

தங்கமணியோட க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. மூடி திறந்த டப்பா படம் போட்டு "12 எம்"னு இருக்கும், திறந்தா 12 மாசம்னு அர்த்தம். இத்தனூண்டு படத்தை பாலிஷ் பாட்டில்ல போட என்ன செலவாயிடும்? பழைய சரக்கு தள்ள முடியாது, அதான் செலவு.

பார்சல் வந்ததும் முதல்ல தேதியைப் பாருங்க. ஒண்ணரை வருஷத்துக்கு மேலன்னா அன்னிக்கே திருப்பி அனுப்புங்க. "கெமிக்கல் தானே சார்"னு ஆரம்பிப்பான். அப்போ தேதியை முன்னாடியே காட்ட என்னப்பா தயக்கம்னு கேளுங்க.