துவக்கு நிற்கும் சந்தியில் தொழிலாளி



"யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் துவக்கோடு வீதியில் நின்றால் நமக்கென்ன? நமக்குச் சம்பளப் பிரச்சினை இருக்கிறது, லயத்துக் கூரை ஒழுகுகிறது, காணி இல்லை. சங்கப் பத்திரிகை அதை எழுதட்டும்" என்று தோட்டக் கமிட்டிகளில் சிலர் சொல்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நமது பதிலைச் சொல்லவே இந்தத் தலையங்கம்.

நம் நாட்டில் துவக்கு வைத்திருப்பது பொதுமக்களின் உரிமை அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரண மனிதர் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி தெரியக் கடைக்குப் போகலாம். அது அவருடைய உரிமையா, பக்கத்தில் நிற்பவரின் பயத்துக்கு மதிப்பில்லையா என்று அங்கே வாதம் நடக்கிறது. இங்கே அந்த வாதமே நடப்பதில்லை. இங்கே துவக்கை வெளியில் தெரியத் தூக்கி நின்றவர்கள் எல்லாரும் அதிகாரத்தில் இருந்தவர்கள்: இராணுவம், பொலிஸ், அதிரடிப்படை, ஒரு காலத்தில் இயக்கங்கள். பக்கத்தில் நிற்பவரின் பயத்தை யாரும் கேட்கவில்லை.

யாழ் குடாநாட்டைப் பாருங்கள். 1980களின் நடுவில் படையினர் முகாம்களுக்குள் முடங்க, இயக்கங்கள் துவக்கோடு தெருவில் திரிந்தன. 1987இல் இந்திய இராணுவம் வந்தது. 1990 மார்ச்சில் போனது. அடுத்த ஐந்து வருடம் புலிகளின் ஆட்சி. 1995 கடைசியிலிருந்து மறுபடி இலங்கை இராணுவம். சீருடை மாறியது, பாஷை மாறியது, சனம் செய்ய வேண்டியது மாறவில்லை. சென்றியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவது. அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைப்பது. இருட்டுமுன் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் எடுப்பது. சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் குந்தியிருந்து, முகத்தை மூடிய 'தலையாட்டி' தன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடக் கூடாதே என்று கும்பிடுவது. இவற்றில் ஒன்றுக்கும் ஒரு வெடிகூட வைக்கத் தேவையில்லை. துவக்கு தெரிந்தால் போதும்.

இதனால் முதலில் நின்றுபோவது பேச்சு. 1986 ஏப்ரல் இறுதியில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்துப் பிள்ளைகளைச் சுட்டபோது, முந்தின நாள்வரை இரண்டு பேருக்கும் சோறு போட்ட ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், சுமார் 75,000 பேர், புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது சில மணித்தியால அவகாசம். தலைமுறை தலைமுறையாக அயலில் வாழ்ந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பலர் உள்ளுக்குள் அழுதார்கள். துவக்கின் முன்னால் சென்று "இது அநியாயம்" என்று சொல்ல ஊர் கூடவில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம, எந்தத் தரப்புத் துவக்கு செய்த கொடுமையானாலும் எழுதி வைத்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எழுதியவருக்கு நடந்ததை ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு எத்தனை பேர் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்!

ஆகவே இதை ஆமிக்கு எதிரான பேச்சு என்றோ, இயக்கத்துக்கு எதிரான பேச்சு என்றோ யாரும் குறுக்க வேண்டாம். எவர் கையில் இருந்தாலும் தெருவில் நிற்கும் துவக்கு ஒரே வேலையைத்தான் செய்கிறது.

ஆனாலும் துவக்கின் முன்னால் போய்க் கேட்டவர்களும் இருக்கிறார்கள். 1996 செப்டம்பர் 7 அன்று உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பிய ஒரு மாணவியைச் செம்மணிக் காவலரணில் மறித்தார்கள். பிள்ளை வரவில்லை என்று தேடிப் போனார்கள் தாயும், தம்பியும், அயலவர் ஒருவரும். நான்கு பேருமே கொல்லப்பட்டார்கள். அந்தக் கேள்வியை மற்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் வழக்கு நடந்தது. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பாதுகாப்புத் தரப்பினருக்கு மரணதண்டனை விதித்தது. தண்டனை பெற்ற ஒருவர், செம்மணியில் இன்னும் பலர் புதைக்கப்பட்டிருப்பதாக அந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம்.

2025 பெப்ரவரியில் அதே செம்மணிப் பக்கத்தில், சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காக நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வில் அந்த வருடத்துக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. கூடவே ஒரு பள்ளிப் பையும் விளையாட்டுப் பொருளும் கிடைத்தன. அவர்கள் யார், எப்படி இறந்தார்கள் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். வகுப்பறையில் தினமும் பள்ளிப் பைகளைப் பார்க்கிற நமக்கு அந்த ஒரு பையே போதும், இந்தக் கேள்வியை விடக்கூடாது என்பதற்கு.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 2016 அக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கருகில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனையில் துவக்குச் சூடு தெரிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 25 அன்று வடக்கு முழுவதும் ஹர்த்தால். ஐந்து பொலிசார் கைதானார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தாய் மகனோடும் அயலவர் ஒருவரோடும் மட்டும் போய்க் கேட்டார். இம்முறை ஊரே சேர்ந்து கேட்டது. அந்த வேறுபாட்டைத் தொழிற்சங்கக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் விழுந்தார். 1947 ஜூன் 5 அன்று கொழும்பில் பொது வேலைநிறுத்த ஊர்வலத்தில் அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி சுடப்பட்டு இறந்தார். அந்த வேலைநிறுத்தக் காலத்தில் பிறந்ததுதான் பொதுசன பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பின்னாளில் அவசரகாலச் சட்டம் என்று வடக்கை ஆண்டது அதுதான். அதன் 12ஆம் பிரிவின் கீழ் இன்றும் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் முப்படையினரையும் பொது ஒழுங்குக்கென்று தெருவில் இறக்கலாம். 1977 மே 11 அன்று, 7,000 ஏக்கர் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். சென்றியில் நிற்கும் துவக்கும், சம்பளப் போராட்டம் என்றதும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும் பொலிஸ் ஜீப்பில் உள்ள துவக்கும் ஒரே சட்டங்களின் பிள்ளைகள். வடக்கில் பழகிய கை மலையகத்தில் மறந்துவிடாது.

இன்னொன்றும் நமக்குத் தெரியும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நம் மக்களில் பலருக்கு வெகுகாலம் அடையாள அட்டை இருக்கவில்லை. யுத்தக் காலத்தில் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சோதனைச் சாவடியில் அட்டை இல்லாமல் நின்று பட்ட பாடு எத்தனை குடும்பத்தின் கதை! 1977இலும் 1983இலும் அடிபட்டு, தோட்டத்தை விட்டு வடக்குக்குப் போய்க் குடியேறிய நம் உறவுகள் அங்கும் அதே துவக்கைத்தான் கண்டார்கள்.

"துவக்கு இல்லாவிட்டால் யார் பாதுகாப்பு? யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் கும்பல் இருக்கிறது, போதைப்பொருள் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயமும் உண்மை. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் இத்தனை முகாம்களும் சென்றிகளும் இருந்த மண்ணில்தான் அந்தக் கும்பல்கள் வளர்ந்தன. 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 20க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்றபோது, ஆயுதம் தாங்கிய பொலிசார் அங்கேயே நின்றார்கள். அந்தத் துவக்குகள் அவர்களைக் காப்பாற்றவில்லை. மக்களுக்குப் பாதுகாப்புத் தருவது, பெயரும் இலக்கமும் தெரிகிற, சனத்தின் பாஷை பேசுகிற, முறைப்பாடு செய்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட பொலிஸ். அதைக் கேட்பது நம் உரிமை.

ஆகவே நாம் கேட்பது இவைதான். தொழில் தகராறு நடக்கும் இடத்துக்கு ஆயுதம் தாங்கிய பொலிசாரையோ படையினரையோ அனுப்பக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து நிற்கிறது. அது நீக்கப்பட வேண்டும், வேறு பெயரில் திரும்பி வரவும் கூடாது. வலிகாமம் வடக்கில் 1990இல் விரட்டப்பட்ட மக்களுக்கு மிச்சக் காணியும் திரும்பக் கிடைக்க வேண்டும். செம்மணி அகழ்வு பணமில்லை என்ற சாட்டில் நிற்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். யார் கொண்டு போனார்கள், எத்தனை மணிக்கு, எந்த வாகனம், என்ன இலக்கம் என்பதை உடனே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்குத் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, பக்கத்து லயத்தார் என்று பத்துப் பேராவது கூடப் போங்கள். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து, எந்தத் தோட்டத்தில் யார் போவது என்று பெயர் குறித்து வையுங்கள். சந்தா கட்டி நாம் சங்கம் வைத்திருப்பது சம்பளம் பேச மட்டுமல்ல.