அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் குடிகாடு தாண்டிப் போறவங்களுக்கு சிப்காட் வாசனை நல்லாவே தெரியும். நம்ம பக்கம் கேன்சர்னு பேச்செடுத்தாலே எல்லாரும் ஆலைகளைத்தான் கை காட்டுவோம். அந்தக் காற்றைப் பற்றி நாம கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருக்கணும். ஆனா கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்பவுமே காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். அது தொற்றிப் புற்றாக மாற பொதுவா பத்து வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல பிடிச்சு நிறுத்த அவ்வளவு நேரம் இருக்கு.

நிறுத்த முடியும்னு காட்டிய ஆய்வு நடந்தது நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல. 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களை ஊர் ஊரா 114 தொகுதிகளாகப் பிரிச்சாங்க. பாதித் தொகுதிகளில் பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தாங்க. வினிகர்ல இருக்கிற அதே அமிலம்தான். மாறிப்போன செல்கள் ஒரு நிமிஷத்துல வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கு முந்தைய நிலைன்னா, பலருக்கும் அந்த இடத்தை உறைய வெச்சே அழிச்சாங்க. மீதித் தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

2006 முடியும்போது பரிசோதனைக் குழுவின் 49,311 பேரில் இந்த நோயால் இறந்தவர்கள் 83. மற்ற குழுவின் 30,958 பேரில் 90. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு தோணுதா? குழுவின் அளவால வகுத்துப் பாருங்க. வயது போன்ற வித்தியாசங்களையும் சரிசெய்து கணக்கிட்டதில், பரிசோதனைக் குழுவில் மரணம் 35% குறைவு. 2007-ல் லான்செட் இதழில் வெளிவந்தது.

அந்த இன்னொரு குழுவைப் பரிசோதிக்காம விட்டது சரியான்னு பின்னாடி பெரிய சர்ச்சை வந்தது. அந்தப் பகுதியில் அப்போ பரிசோதனைத் திட்டமே இல்லைன்னு ஆய்வாளர்கள் தரப்பு சொன்னது. எனக்கு அந்தப் பதில் போதலை. ஆனா அதைவிட உறுத்துறது வேற. அவங்களையும் சேர்த்து ஒப்பிட்டுத்தான் இந்த விடை கிடைச்சது. அதை நாம பயன்படுத்தாம வெச்சிருந்தா, அவங்களுக்கு என்ன மரியாதை?

இன்னொரு கணக்கும் பாருங்க. கூப்பிட்ட 49,311 பேரில் வந்தது 31,343 பேர்தான். மூணில் ஒருத்தருக்கு மேல வரவே இல்ல. வெட்கம், வேலை, “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே” என்ற எண்ணம் எல்லாம் காரணமா இருக்கலாம். நம்ம வீட்லயும் இதே பேச்சுதானே? இதை சரிசெய்ய எந்தப் புது மெஷினும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். வீட்ல ஒருத்தர் வாயைத் திறந்தா போதும்.

நம்ம அம்மாக்கள் பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்காங்க. 30 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு இந்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வலி பெருசா இருக்காது, சில நிமிஷ வேலை. “அதெல்லாம் பொண்ணு பேச வேண்டிய விஷயம்”னு பசங்க ஒதுங்காதீங்க. அம்மாவோட சுகர், பிரஷர் ரிப்போர்ட்டை நாமதானே படிச்சுச் சொல்றோம்? இதுவும் அப்படித்தான். நேராச் சொல்ல கூச்சமா இருந்தா அக்காவையோ சித்தியையோ விட்டுப் பேசச் சொல்லுங்க. அடுத்த லீவுல ஊருக்குப் போகும்போது ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, வண்டியில நீங்களே கூட்டிட்டுப் போங்க. வெளிய பெஞ்சுல கொஞ்ச நேரம் காத்திருந்தா போதும்.